விபத்துக்குப் பிறகு ஏர்பேக் விளக்கு அணையவில்லையா?

கார் இடிபட்டது. பம்பர் மாற்றியாகிவிட்டது, பெயிண்ட் அடித்தாகிவிட்டது, வண்டி பழையபடி ஓடுகிறது. டேஷ்போர்டில் அந்த ஏர்பேக் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. யாரிடமாவது கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "வெறும் சென்சார் பிரச்சினைதான், விடுங்க." "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுங்க, போயிடும்." "ஏர்பேக்தான் விரியவே இல்லையே, அப்புறம் என்ன?" "ஐயோ, ஓட்டாதீங்க, எந்த நேரமும் மூஞ்சியில வெடிச்சிடும்."

நான்கு பேச்சும் அரைகுறை. அந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்பது தெரியாமல் பேசுவதால் வரும் குழப்பம் இது. உயிரைக் காக்கும் ஒரு பாகத்தைப் பற்றி இவ்வளவு மேம்போக்காகப் பேசுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால் அடியிலிருந்தே பார்ப்போம்.

விளக்கு செய்வது வருகைப் பதிவு

வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா" என்கிறார்கள். எல்லோரும் பதில் சொல்லிவிட்டால் பதிவேட்டை மூடிவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால்? அவர் வரவில்லையா, தூங்குகிறாரா, காதில் விழவில்லையா என்பது ஆசிரியருக்குத் தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

ஏர்பேக் விளக்குக்குப் பின்னால் நடப்பதும் இதுதான். இக்னிஷனை ஆன் செய்ததும், உட்கார்ந்த மனிதருக்கு முன்னால் ஓர் உருண்டை இருப்பது போன்ற படமோ 'எஸ்ஆர்எஸ்' என்ற எழுத்தோ எரியும். அந்தச் சில நொடிகளில் வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கணினி, ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டுப் பார்க்கிறது. எல்லாம் பதில் சொன்னால் விளக்கு அணைகிறது. ஒன்று சொல்லாவிட்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில கார்களில் விட்டுவிட்டு மின்னும். இந்தக் கணக்கெடுப்பு வண்டி ஓடும்போதும் நிற்பதில்லை. அதனால்தான் காலையில் அணைந்த விளக்கு பாதி வழியில் திடீரென்று எரியலாம்.

எஸ்ஆர்எஸ் என்பதற்குப் பொருள், துணைப் பாதுகாப்பு அமைப்பு. எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் கிளாஸ் காரில் ஏர்பேக் கொண்டுவந்தபோது, அதைச் சீட் பெல்ட்டுடன் சேர்ந்து வேலை செய்யும் ஒன்றாகவே அமைத்தது. இன்றைய கார்களும் அப்படித்தான். ஆகவே இந்த விளக்கின் கணக்கெடுப்பில் ஏர்பேக் மட்டும் இல்லை, சீட் பெல்ட்டின் சில பாகங்களும் உண்டு. விபத்துக்குப் பிந்தைய குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேக்கைத் தினமும் மிதித்துப் பார்க்கிறோம், ஹார்னை அழுத்திப் பார்க்கிறோம். ஏர்பேக்கை அப்படிச் சோதிக்க வழியில்லை. ஒரே ஒரு முறை விரியும், அதோடு அதன் வேலை முடிந்தது. தேவைப்படும் நொடி வரைக்கும் அது வேலை செய்யுமா என்று அறிய நமக்கு இருக்கும் ஒரே வழி இந்தக் கணக்கெடுப்புதான். அந்த விளக்கை அலட்சியப்படுத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சுருக்கமாக: விளக்கு எரிந்தால் "ஏர்பேக் போய்விட்டது" என்று பொருள் இல்லை. "இந்த அமைப்பு முழுசாகத் தயாராக இருக்கிறது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை" என்று பொருள்.

பதில் சொல்ல வேண்டியவை யாவை?

கூப்பிடும் கணினிக்கு மாட்யூல் என்று பெயர். பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே, கியர் பகுதிக்கு அடியில், வண்டியின் தரையோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். வண்டி எவ்வளவு சடாரென்று வேகம் இழக்கிறது என்பதை அளக்கும் சென்சார் அதற்குள்ளேயே உண்டு. தவிர, முன் பம்பருக்குப் பின்னாலும் கதவுகளிலும் பக்கத் தூண்களிலும் தனித்தனி சென்சார்கள் இருக்கும்.

மாட்யூலிலிருந்து ஒவ்வொரு ஏர்பேக்குக்கும் வயர் போகிறது. பைக்குப் பின்னால் இருக்கும் உலோகக் கூட்டின் பெயர் இன்ஃப்ளேட்டர். பையை நிரப்பும் வாயுவைத் தருவது அதுதான். அதைப் பற்றவைக்கும் சின்னஞ்சிறு திரி ஸ்குவிப். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அந்தக் கம்பியின் மின்தடை சில ஓம்கள்தான். மாட்யூல் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அந்தத் தடையை அளந்துகொண்டே இருக்கிறது. இருக்க வேண்டிய அளவு இருந்தால் அதுவே "உள்ளேன் ஐயா". அளவு கூடினாலோ குறைந்தாலோ விளக்கு எரியும்.

மோதல் நடந்தால் என்ன ஆகும்? சென்சார்கள் சொல்வதை வைத்து மாட்யூல் முடிவெடுக்க ஏறத்தாழ 15 முதல் 30 மில்லி நொடி. பை நிரம்ப இன்னும் 20 முதல் 40 மில்லி நொடி. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி நொடி. கண் சிமிட்டி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மோதலில் பேட்டரி நசுங்கி மின்சாரம் அறுந்து போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, மாட்யூலுக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் இருக்கின்றன. இவற்றை நினைவில் வையுங்கள், பின்னால் வருகின்றன.

கடைசியாக ப்ரீடென்ஷனர். மோதல் நேரத்தில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்து, உங்களைச் சீட்டோடு இறுக்கிப் பிடிக்கும் பாகம் இது. இதுவும் ஒரு சிறு வெடிமருந்தால்தான் வேலை செய்கிறது, இதுவும் ஒரு முறை பாகம்தான்.

ஏர்பேக் விரியவில்லை, ஆனாலும் விளக்கு எரிகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுவோம். ஏர்பேக் விரியாததால் அது கெட்டுப்போயிருந்தது என்று ஆகிவிடாது. முன் ஏர்பேக்குகள் ஓரளவு பலமான முன்பக்க மோதலுக்காகவே அமைக்கப்பட்டவை. பெல்ட் போடாதவருக்கு, அசையாத சுவரில் மணிக்கு 16 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமான அடி. பெல்ட் போட்டவருக்குப் பல கார்களில் 25 கிலோமீட்டர் வாக்கில். இன்னொரு காரின் மீது மோதினால் அந்தக் காரும் நசுங்கி, நகர்ந்து, அடியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அதனால் அதே தாக்கம் கிடைக்க வேகம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து வாங்கும் அடிக்கு முன் ஏர்பேக்குகள் பொதுவாக விரியாது, விரிந்தும் பயனில்லை.

சரி, விரியவில்லை. பிறகு ஏன் விளக்கு?

முதலில் சந்தேகப்பட வேண்டியது ப்ரீடென்ஷனர். ஏர்பேக் விரியும் அளவுக்கு அடி பலமாக இல்லாவிட்டாலும் பெல்ட்டை இறுக்கலாம் என்று மாட்யூல் முடிவெடுக்க முடியும். பல கார்களில் இது நடக்கிறது. ஓட்டியவருக்கு அது தெரிந்தே இருக்காது. மோதிய பதற்றத்தில் பெல்ட் இழுத்ததை யார் கவனிப்பார்கள்? நிதானமாகப் பார்த்தால் அடையாளம் தெரியும். பெல்ட்டை இழுத்தால் வராது, அல்லது வெளியே வந்தது உள்ளே சுருளாது. பெல்ட்டைச் சொருகிப் பூட்டும் பக்கிள் பக்கம் ப்ரீடென்ஷனர் இருக்கும் கார்களில், வேலை செய்துவிட்ட பக்கிள் மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். இரண்டு முன் சீட்டு பக்கிள்களையும் பக்கவாட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்படியிருந்தால் அந்தப் பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். பழுதுபார்த்து மாட்டும் பேச்சே இல்லை.

அடுத்தது முன் சென்சார். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் ஒரு போல்ட்டில் நிற்கும் சிறு பெட்டி. அடி பட்டதும் அதன் பிளாஸ்டிக் உடல் மயிரிழையாக விரிசல் விடும், அல்லது வயரை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் புகும். பம்பரை மட்டும் மாற்றிவிட்டு, வளைந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்தி அதே சென்சாரை மாட்டியிருந்தால் விளக்கு போகாது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்சார் எந்தத் திசையைப் பார்த்து, எந்த இறுக்கத்தில் நிற்கிறது என்பது முக்கியம். பதில் மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, அடுத்த மோதலைத் தவறாக அளக்கும் சென்சார் விளக்கையும் எரியவைக்காது.

மூன்றாவது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் பல சுற்றுச் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் ஏர்பேக்குக்கோ வயர் அறுபடாமல் போக வேண்டும். அதற்காக ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவுக்குள், செப்புக் கோடுகள் ஓடும் மெல்லிய நாடாவைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது நாடா இறுகும், தளரும். விபத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் பாகங்களைக் கழற்றி மாட்டுகிறார்கள் அல்லவா? அப்போது இந்த டப்பாவைச் சரியாக நடு நிலையில் வைக்காமல் பூட்டிவிட்டால், ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது நாடா இழுபட்டு அறுந்துவிடும். அறிகுறி தெளிவாக இருக்கும்: ஏர்பேக் விளக்கு எரியும், கூடவே ஹார்னோ ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களோ வேலை செய்யாது. இவை ஒன்றாக வந்தால் மெக்கானிக்கிடம் முதலில் கிளாக் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர். பக்க ஏர்பேக், பெல்ட் பக்கிள், சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார், எல்லாவற்றின் வயரும் இங்கே சேர்கிறது. குனிந்து பார்த்தால் மஞ்சள் நிறத்தில் தெரியும். ஏர்பேக் வயரிங்குக்கு இந்த மஞ்சளைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன, "தொடுமுன் யோசி" என்று தொழிலாளிக்குச் சொல்வதற்காக. மோதலில் சீட் ஆடியிருக்கும், அல்லது உள்ளே சுத்தம் செய்ய சீட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அல்லது சீட்டுக்கு அடியில் உருண்டு போன ஒரு பொருள் வயரை இழுத்திருக்கும். கப்ளர் கொஞ்சம் தளர்ந்தாலே தடையின் அளவு மாறிவிடும். பார்க்கலாம், ஆனால் இழுக்க வேண்டாம். காரணம் கீழே.

இன்னும் இரண்டு சின்னக் காரணங்கள். விபத்துக்குப் பிறகு வண்டி பல நாள் சும்மா நின்று பேட்டரி இறங்கியிருந்தால், மின்னழுத்தம் குறைந்ததையே மாட்யூல் பழுதாகக் குறித்துவைக்கும். பட்டறையில் ஏதோ ஒரு ஏர்பேக் கப்ளரைக் கழற்றியிருக்கும் நேரத்தில் யாராவது இக்னிஷனை ஆன் செய்திருந்தாலும் அப்படித்தான். பழுது இப்போது இல்லை, பதிவு மட்டும் இருக்கிறது. சில கார்களில் விளக்கு தானாக அணையும், சிலவற்றில் மாட்யூலின் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் என்ற கருவியால் அழித்தால்தான் அணையும்.

சுருக்கமாக: ஏர்பேக் விரியாத விபத்திலும் ப்ரீடென்ஷனர், சென்சார், ஸ்டீயரிங் நாடா, சீட் கப்ளர், பேட்டரி என எதுவும் காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து ஊகித்துச் சொல்ல முடியாது.

ஏர்பேக் விரிந்த வண்டி

இங்கே பலரும் நினைப்பது, விரிந்த பையை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினால் வேலை முடிந்தது என்று. மாட்டிய பிறகும் விளக்கு எரியும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஏர்பேக்கை விரியச் சொன்ன மாட்யூல், அந்த மோதலைத் தன் நினைவில் எழுதிப் பூட்டிவிடுகிறது. இதை மோதல் பதிவு என்பார்கள். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. பல கார்களில் சாதாரண ஸ்கேனரால் அழிக்கவும் முடியாது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பாகங்களை ஒழுங்காக மாற்றாமல் யாரும் விளக்கை மட்டும் அணைத்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால்தான் ஏர்பேக் விரிந்த பிறகு மாட்யூலையும் மாற்றச் சொல்கின்றன பல நிறுவனங்கள். புது மாட்யூலை மாட்டினால் மட்டும் போதாது, அந்த வண்டியின் அடையாள எண்ணையும் அமைப்பையும் அதில் பதிய வேண்டும். வேறு காரிலிருந்து கழற்றிய மாட்யூலை மாட்டினால் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

பழைய மாட்யூலின் பதிவை அழித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து: உங்கள் காரைத் தயாரித்த நிறுவனத்தின் பழுதுநீக்கக் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றுங்கள். அந்த மாட்யூல் ஒரு பெரிய அடியை வாங்கிய கருவி. நினைவை அழித்துவிட்டால் அந்த அடி இல்லை என்று ஆகிவிடாது.

மாற்ற வேண்டியவை வேறு என்ன? விரிந்த பைகள், வேலை செய்துவிட்ட ப்ரீடென்ஷனர்கள், அடிபட்ட பக்கத்துச் சென்சார்கள், சில கார்களில் கிளாக் ஸ்பிரிங். பக்க ஏர்பேக் சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. சாதாரண நூலால் தைத்து மூடிய சீட்டில் அடுத்த பை சரியாக விரியாது. ஜன்னல் பக்கம் இறங்கும் திரை ஏர்பேக் விரிந்திருந்தால் கூரையின் உள்உறையும் அதைப் பிடிக்கும் கிளிப்புகளும் பட்டியலில் சேரும். மோதல் நேரத்தில் ஆள் அணிந்திருந்த பெல்ட்டுகளையும் சோதிக்க வேண்டும். உடல் எடை முழுதும் தாங்கிய பெல்ட்டின் நாடா நீண்டிருக்கும். மறுமுறை அது அதே பலத்தோடு பிடிக்காது.

கழற்றிய மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல கார்களில் மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடிகளின் வேகம், பிரேக் மிதித்தது, பெல்ட் போட்டிருந்தது ஆகிய விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். விபத்து குறித்து வழக்கோ காப்பீட்டுத் தகராறோ முடியாமல் இருந்தால் அது சாட்சி.

பேட்டரியைக் கழற்றும் வைத்தியம்

பழுதுப் பதிவு அழியாத நினைவகத்தில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதால் எதுவும் நடக்காது என்று பார்த்தோம். எப்போதாவது விளக்கு அணைந்தாலும், பழுது இருந்தால் அடுத்த கணக்கெடுப்பில் மறுபடி எரியும். இது வெறும் நேர விரயமாக இருந்தால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது, இனி மின்சாரம் இல்லை என்று நம்பி மஞ்சள் கப்ளரில் கை வைப்பது.

மாட்யூலுக்குள் இருக்கும் மின்தேக்கிகளைச் சொன்னேன் அல்லவா? பேட்டரியைக் கழற்றிய பிறகும் அவற்றில் ஏர்பேக்கை விரிய வைக்கும் அளவுக்கு மின்சாரம் கொஞ்ச நேரம் இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நிமிடத்தில் தொடங்கிப் பல நிமிடங்கள் வரை சொல்வார்கள். காரின் கையேட்டில் இருக்கும் நேரம்தான் உங்களுக்கானது.

சாதாரண மல்ட்டிமீட்டரை ஏர்பேக்கின் முனைகளில் வைத்துத் தடையை அளக்கவே கூடாது. மீட்டர் அளப்பதற்காக அனுப்பும் மின்னோட்டமே ஸ்குவிப்பைப் பற்றவைக்கலாம். இதற்குப் பயந்துதான் மஞ்சள் கப்ளருக்குள் ஒரு சிறு உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். கப்ளரைக் கழற்றியதும் அந்தத் தகடு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். தற்செயலாக வரும் மின்சாரம் ஸ்குவிப்புக்குள் போகாது. கப்ளருக்குள் கம்பியை விட்டுக் கிண்டுபவர்கள் இந்தக் காவலைத்தான் உடைக்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யத்தக்கது பார்ப்பது மட்டும். பக்கிளின் உயரம், பெல்ட்டின் ஓட்டம், ஹார்ன், சீட்டுக்கு அடியில் தொங்கும் வயர். பார்த்ததை எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை குறையும்.

எரியும்போது ஓட்டலாமா?

என்ஜினுக்கும் பிரேக்குக்கும் இந்த விளக்கோடு சம்பந்தம் இல்லை, வண்டி ஓடும். ஆனால் ஏர்பேக்கே இல்லாத வண்டியை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ஓர் இடத்தில் பழுது இருந்தால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். சிலவற்றில் முழு அமைப்பும் நின்றுவிடும். உங்கள் காரில் எது என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டறை வரை ஓட்டிப் போகலாம். மாதக்கணக்கில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது சரியில்லை. போகும்போது பெல்ட் கட்டாயம். அந்தப் பெல்ட்டே இறுகி நின்றுவிட்ட சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

முகத்தில் வெடிக்கும் என்ற பயம்? அபூர்வம். வயர் அறுந்தால் ஏர்பேக் விரியாமல் போவதே வழக்கம், தானாக விரிவது அல்ல. அந்தப் பயத்தைவிட, தேவைப்படும்போது விரியாது என்பதுதான் உண்மையான கவலை.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு விளக்கு உண்டு. பக்கத்து சீட்டின் ஏர்பேக் 'ஆஃப்' என்று காட்டும் விளக்கு. அந்தச் சீட் காலியாக இருந்தாலோ எடை குறைந்த ஒருவர் இருந்தாலோ பல கார்களில் அது எரிவது இயல்பு. பழுது விளக்கு வேறு.

ஸ்கேனர் என்றால் எந்த ஸ்கேனர்?

மாட்யூல் எந்தப் பாகம் பதில் சொல்லவில்லை என்பதை எரர் கோடாகக் குறித்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்தும் எண்களும் சேர்ந்த குறியீடு அது. கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் சாதாரண ஸ்கேனர்களில் பெரும்பாலானவை 'பி' எழுத்தில் தொடங்கும் என்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். இதில் ஒரு சின்னச் சிக்கல்: ஏர்பேக் கோடும் தமிழில் எழுதினால் 'பி'தான், ஆனால் ஆங்கிலத்தில் என்ஜின் கோடு 'பவர்ட்ரெய்ன்' என்பதன் முதல் எழுத்தான P-யில் தொடங்கும், ஏர்பேக் கோடு 'பாடி' என்பதன் முதல் எழுத்தான B-யில் தொடங்கும். அதனால் "எந்தக் கோடும் வரவில்லை" என்று யாராவது சொன்னால், "உங்கள் ஸ்கேனர் ஏர்பேக் மாட்யூலைப் படிக்குமா?" என்று கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு ஸ்கேன், முடிந்த பின் ஒரு ஸ்கேன், இரண்டின் அச்சுப் பிரதியும் கேட்டு வாங்குங்கள். முதல் பிரதி காப்பீட்டுக்கும் தேவை. ஏர்பேக் விளக்கு எரிவதை ஆரம்பத்திலேயே சேத மதிப்பீட்டில் எழுத வைக்காவிட்டால், "இது இந்த விபத்தால் வந்ததல்ல" என்று பின்னால் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். எரியும் விளக்கை அன்றே படம் எடுத்து வைப்பதும் உதவும்.

அணைந்த விளக்கையும் நம்ப முடியாத இடம்

வருகைப் பதிவில் 'ப்ராக்ஸி' கொடுப்பது தெரியும்தானே. வராதவன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பவன் "உள்ளேன் ஐயா" என்பான், பதிவேடு நிரம்பிவிடும். ஏர்பேக்கிலும் இது நடக்கிறது. விரிந்த பையை எடுத்துவிட்டு, புதுசு மாட்டாமல், அந்த வயரின் முனையில் ஸ்குவிப்பின் தடைக்குச் சமமான தடை தரும் ரெசிஸ்டர் என்ற சிறு பாகத்தைச் சொருகிவிடுகிறார்கள். மாட்யூல் கூப்பிடுகிறது, எதிர்பார்த்த அளவு வருகிறது, விளக்கு அணைகிறது. மூடிக்குப் பின்னால் பை இல்லை. மனித உயிரோடு செய்யும் மோசடி இது. மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட முரட்டு வழிகளும் உண்டு. விளக்கையே பிடுங்கிவிடுவது, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது, வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்து அதனுடன் எரிந்து அணையும்படி செய்வது. ஆகவே பழைய கார் வாங்கப் போனால், ஏர்பேக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இக்னிஷனை ஆன் செய்ததும் முதலில் அது எரிகிறதா, சில நொடி நிற்கிறதா, மற்ற விளக்குகளைச் சாராமல் தானாக அணைகிறதா என்று பாருங்கள். எரியவே எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிட மோசம்.

போலிப் பைகளும் இருக்கின்றன. அசல் போலவே அச்சு, அசல் போலவே சின்னம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-ல் போலி ஏர்பேக்குகள் குறித்து எச்சரித்தது. சோதனையில் சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளை வீசின. 2024-ல் அதே அமைப்பு, பழைய விபத்துக்குப் பிறகு மாற்றி மாட்டிய தரமற்ற இன்ஃப்ளேட்டர்களால் உயிர்கள் போனதாக மறுபடி எச்சரித்தது. அசல் பாகமே என்றாலும் உடைத்து விற்கும் கார்களிலிருந்து வாங்குவது பாதுகாப்பல்ல. ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் வாயுவைத் தருவதற்காக இருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. உலகம் முழுதும் ஏறத்தாழ 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. 2017-ல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் பைகளில் அப்படி ஒன்று கலந்து வந்தால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே பாகத்தின் பில், அதில் பாக எண், பாகம் வந்த பெட்டி மூன்றையும் கேளுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

பணம் கட்டுமுன் நீங்களே ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். இக்னிஷனை ஆன் செய்யுங்கள். விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கை இடது கோடி வரை, பிறகு வலது கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு கோடியிலும் ஹார்னை அழுத்திப் பாருங்கள். சீட்டை முழுசாக முன்னே, முழுசாகப் பின்னே தள்ளுங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் முழு நீளத்துக்கு இழுத்து விடுங்கள், ஒரே வெட்டில் இழுத்தால் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். பின் சீட்டு பெல்ட்டுகளையும் விட்டுவிட வேண்டாம். பிறகு மேடு பள்ளம் உள்ள சாலையில் பட்டறை ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று. தளர்ந்த கப்ளரோ தவறாக மாட்டிய நாடாவோ இருந்தால் பெரும்பாலும் இதற்குள் விளக்கு எரிந்துவிடும். எரிந்தால் சாவியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, தானாப் போயிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எரியாவிட்டால் இரண்டாவது ஸ்கேனின் பிரதியையும் பாகங்களின் பில்லையும் வாங்கி, வண்டியின் மற்ற தாள்களோடு சேர்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.